ஆண்களின் நீர்த்தடையும் உடல் எடையும்

(லெம்பா பெர்த்தாம் ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றப்பெற்ற நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா நாளில் ஆலய மண்டபத்தின் பின்வரிசையைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அறுபதைக் கடந்த ஆடவர் சிலர் வாயிலை ஒட்டியே அமர்ந்திருப்பர். முன்வரிசைக்கு அழைத்தாலும் வரமாட்டார். பக்திக் குறைவு அதற்குக் காரணம் அன்று. தீபாராதனை முடிவதற்குள் இருமுறையேனும் எழுந்து வெளியே செல்ல நேரும் என்பதை அவர்கள் அறிவர். வேறு சிலர் அன்று காலை முதலே தண்ணீர் அருந்துவதைத் தவிர்த்துவிடுவர். இன்னும் சிலர் பேருந்தில் செல்லும் ஆலயச் சுற்றுலாவுக்கு ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுவர். இரவில் நான்கு முறை, ஐந்து முறை கதவு திறந்து மூடும் ஓசையை மனைவி கேட்டிருப்பார். பிள்ளைகளுக்குத் தெரியாது. மருத்துவருக்கோ அறவே தெரியாது.

இத்துன்பத்தை முன்னோர் நீரடைப்பு என்றும் நீர்ச்சுருக்கு என்றும் வழங்கினர். முதிய ஆடவரிடத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது புரோஸ்டேட் எனப்படும் சுரப்பியின் வீக்கமாகும். "வயதானால் இப்படித்தான்" என்று கூறி இதனைப் பொறுத்துக்கொள்வதே வழக்கமாக இருந்து வருகிறது. அக்கூற்றில் பாதி உண்மை. வயதை யாரும் குறைக்க இயலாது. மற்றொரு பாதி இடுப்பளவோடும் எடையோடும் இரத்தத்திலுள்ள சர்க்கரையோடும் தொடர்புடையது. அப்பாதி மனிதரின் கையில் இருக்கிறது. இவ்வுரை அந்த மறுபாதியைப் பற்றியதே.

சுரப்பியின் இயல்பு

புரோஸ்டேட் ஆடவர்க்கு மட்டுமே உரிய சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயின் தொடக்கப் பகுதியைச் சுற்றி ஒரு வளையம்போல் அமைந்துள்ளது. இளமையில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். ஒரு பெரிய கொட்டைப்பாக்கின் அளவு எனலாம். விந்துவுக்கு வேண்டிய நீர்மத்தில் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் பணி.

மலையோடையிலிருந்து காய்கறித் தோட்டத்துக்கு இரப்பர்க் குழாய் வழியே நீர் கொண்டுவருவோர்க்கு இந்நோயை விளக்குதல் எளிது. குழாயைச் சுற்றியுள்ள வளையம் இறுகினால் ஓடையில் எவ்வளவு நீர் இருந்தும் பாத்திக்கு வருவது குறையும். அதுபோன்றே சுரப்பி பெருக்கும்பொழுது சிறுநீர்க் குழாய் நெருக்கப்படுகிறது. நீர் இறங்கத் தாமதமாகும், தாரை மெலியும், விட்டுவிட்டு வரும், முடிந்த பின்னும் மீதி இருப்பதுபோல் தோன்றும். நெருக்கடியை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை தடித்துவிடும். பின்னர்ச் சிறிதளவு நீர் சேர்ந்தாலும் உடனே போக வேண்டும் என்னும் அவசரம் உண்டாகும். இரவுத் தூக்கம் கெடும். நாட்பட விட்டால் சிறுநீர்ப்பையில் கல்லும் கிருமித் தொற்றும் ஏற்படலாம், சிறுநீரகமும் பழுதடையலாம்.

இவ்வீக்கம் எத்துணைப் பரவலானது? 1984ஆம் ஆண்டு வெளிவந்த திசு ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று, முப்பதுகளில் உள்ள ஆடவருள் 8 விழுக்காட்டினரிடமும், ஐம்பதுகளில் உள்ளோருள் ஏறத்தாழ பாதிப் பேரிடமும், எண்பதைக் கடந்தோருள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடமும் இப்பெருக்கம் காணப்படுவதாகத் தெரிவித்தது. திசுவில் பெருக்கம் காணப்படும் அனைவர்க்கும் துன்பம் தோன்றுவதில்லை என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

இங்கே ஓர் அச்சத்தை அகற்றுவது கடமையாகும். இவ்வீக்கம் புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே சுரப்பியில் தனித்தனியே தோன்றக் கூடுமாதலின், அறிகுறி கண்டவர் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வதே முறை.

சுரப்பி ஏன் பெருக்கிறது?

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை இயக்குநீர், சுரப்பியினுள் ஒரு நொதியினால் மேலும் வலிமை வாய்ந்த வேறொரு வடிவமாக மாற்றப்படுகிறது. அவ்வடிவமே சுரப்பியை வளர்க்கிறது. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. மேற்கிந்தியத் தீவுகளைச் சார்ந்த டொமினிக்கன் குடியரசில், அந்த நொதி பிறவியிலேயே குறைந்த சில குடும்பங்களைப் பற்றி 1974ஆம் ஆண்டு ஆய்வறிஞர் எழுதினர். அக்குடும்பத்து ஆடவர்க்குப் புரோஸ்டேட் சுரப்பி சிறுத்தே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் பினாஸ்டிரைடு என்னும் மருந்து 1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்றது. இன்றும் உலகெங்கும் அது வழங்கப்பட்டு வருகிறது.

ஆயினும் ஆண்மை இயக்குநீர் எல்லா ஆடவர்க்கும் உண்டு. முதுமையும் எல்லார்க்கும் வருகிறது. அவ்வாறிருக்க, ஒருவருக்குச் சுரப்பி விரைந்து பெருக்கவும் மற்றொருவருக்கு மெல்லப் பெருக்கவும் காரணம் யாது? மரபு ஒரு காரணம். மற்றொரு காரணத்தைத் தேடிச் சென்ற ஆய்வாளர்கள் வயிற்றுக் கொழுப்பிடம் வந்து சேர்ந்தனர்.

எடையும் சுரப்பியும்

சுவீடன் நாட்டு மருத்துவர் ஹம்மர்ஸ்டென் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1998ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீர்த்தடை அறிகுறியோடு வந்த 158 ஆடவரை அவர்கள் ஆராய்ந்தனர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், நற்கொழுப்புக் குறைவு, இரத்தத்தில் இன்சுலின் மிகுதி ஆகியவை உடையோரிடத்தில் சுரப்பி ஆண்டுதோறும் விரைவாக வளர்வதை அவர்கள் கண்டனர்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதுமையைப் பற்றி நெடுங்காலமாக நடைபெற்றுவரும் ஆய்வில் பங்குகொண்ட 422 ஆடவரைப் பற்றிய முடிவு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. உடல் நிறைக் குறியீடு 25க்குக் குறைந்தவரோடு ஒப்பிட, 35ஐ எட்டியவர்க்குச் சுரப்பி வீங்கியிருக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்காக இருந்தது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தோர்க்கு மூன்று மடங்காகவும், நீரிழிவு நோயாளர்க்கு இரு மடங்காகவும் இருந்தது. எல்லா நாட்டு ஆய்வுகளும் இதே அளவுகளைச் சொல்லவில்லை. ஆயினும் வயிற்றுப் பருமனும் நீர்த்தடையும் உடன்பயணிகள் என்னும் கருத்து வலுப்பெற்றே வந்துள்ளது.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? வயிற்றினுள் கொழுப்பு மிகும்பொழுது இன்சுலின் சொல்லுக்கு உடல் செவிசாய்ப்பதில்லை. ஆதலின் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதோடு நில்லாமல் திசுக்களை வளர்க்கும் ஆற்றலும் உடையது. காய்கறிப் பாத்திக்கு அளவின்றி இட்ட உரம் மழைநீரில் கரைந்து வரப்பிலுள்ள புல்லையும் வளர்ப்பதைத் தோட்டக்காரர் அறிவர். மிகுந்த இன்சுலினும் அவ்வாறே சுரப்பியின் வளர்ச்சிக்கு உரமாகின்றது.

கொழுப்புத் திசு ஆண்மை இயக்குநீரின் ஒரு பகுதியைப் பெண்மை இயக்குநீராக மாற்றுவதால் இரண்டுக்கும் உள்ள சமநிலை குலைகிறது. உடலெங்கும் தணியாத மெல்லிய அழற்சியை அக்கொழுப்பு உண்டாக்குகிறது. சுரப்பியும் அதற்கு விலக்கன்று. மேலும், பருமனுற்ற உடலில் பரிவு நரம்புகளின் முறுக்கு மிகும். அம்முறுக்கினால் சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைகள் இறுகும். எனவே சுரப்பி சிறிதே பெருத்திருந்தாலும் துன்பம் பெரிதாகத் தெரியும். நீரிழிவும் சேர்ந்துவிட்டால் சிறுநீரின் அளவு கூடும். நாளடைவில் சிறுநீர்ப்பையின் நரம்புகளும் தளரும்.

எடை ஒன்றே காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் சார்லஸ் தமது 75ஆம் வயதில் புரோஸ்டேட் வீக்கத்திற்குச் சிகிச்சை பெறவிருக்கும் செய்தியை 2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அரண்மனை உலகறிய அறிவித்தது. அவர் பருமனானவர் அல்லர். ஒல்லியான உடலினர்க்கும் இந்நோய் வரலாம் என்பதற்கு அவர் சான்று. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை என்பதற்கும் அவரே சான்று. மன்னர் வெளிப்படையாகச் சொன்னதை ஒரு தோட்டத்துப் பெரியவர் தம் மருத்துவரிடத்தில் சொல்லக் கூசுவானேன்?

மலைநாட்டு வாழ்வும் மாறிய உழைப்பும்

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டு பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காடழித்துக் கன்று நட்டு இம்மலையைப் பசுமையாக்கிய உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. கூடை நிறையக் கொழுந்து சுமந்து, நாள் முழுதும் சரிவில் ஏறியும் இறங்கியும் உழைத்தவர்களுக்கு ஒரு தட்டுச் சோறு போதாது. இரண்டு தட்டு வேண்டும். உண்ட சோறு மாலைக்குள் உழைப்பாகக் கரைந்தது.

பின்னர்க் கத்தரியும் இயந்திரமும் கொழுந்தெடுக்க வந்தன. லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டங்கள் பெருகின. பிள்ளைகள் பலர் ஓட்டுநராகவும் கடை ஊழியராகவும் அரசுப் பணியாளராகவும் ஆயினர். ஐந்நூறு அடி தொலைவுக்கும் மோட்டார் சைக்கிள் புறப்படுகிறது. உழைப்பு மாறியது, உணவின் அளவு மட்டும் பாட்டனார் காலத்து அளவாகவே நின்றுவிட்டது. அதனோடு, பசியாற ரொட்டி சானாய், குளிருக்கு இதமாக டின் பால் கலந்த தேநீர், மாலையில் மீண்டும் ஒரு கோப்பை என்று இனிப்பும் நெய்ப்பும் சேர்ந்தன.

அதன் விளைவைச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகள் காட்டுகின்றன. 2019ஆம் ஆண்டு ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவராயிருந்தனர். 2023ஆம் ஆண்டு அது 54.4 விழுக்காடாயிற்று. 2019இல் நாடு தழுவிய நிலையில் நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியரிடத்தில் அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவருள் ஒருவர் என்பது இதன் பொருள். நீரிழிவால் கண்ணும் காலும் சிறுநீரகமும் கெடும் என்பதைப் பலரும் கேட்டிருப்பர். நீர்வழியின் துன்பமும் அப்பட்டியலில் சேர்ந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

மலைக்குளிரும் இத்துன்பத்தை மிகுவிக்கும். குளிரில் வியர்வை குறைவதால் நீர் சிறுநீராகவே வெளியேறுகிறது, தசைகளும் இறுகுகின்றன. ஆகவே சமவெளியில் இருமுறை எழுபவர் இங்கே மூன்று முறை எழ நேரலாம்.

அளந்து பார்த்தல்

கூடைக் கொழுந்தை நிறுவைத் தராசில் ஏற்றி, கிலோ கணக்கைச் சரிபார்த்துக் கூலி வாங்கிய பரம்பரை இது. அரைக் கிலோ குறைந்தாலும் கணக்கரிடம் கேள்வி கேட்டவர்கள், தம் உடலின் எடையைக் கேட்டால் பல்லாண்டுக்கு முன் மருந்தகத்தில் பார்த்ததாகக் கூறுவர். அளக்காத ஒன்றைக் குறைத்தல் அரிது.

உடல் நிறைக் குறியீடு என்பது எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறும் எண்ணாகும். மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி 23ஐ எட்டினால் மிகை எடை, 27.5ஐ எட்டினால் உடல் பருமன். 1.65 மீட்டர் உயரமுள்ள ஒருவர்க்கு ஏறத்தாழ 63 கிலோவில் மிகை எடை தொடங்கும். 75 கிலோவில் பருமன் தொடங்கும்.

இடுப்பளவு அதனினும் முக்கியம். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்குக் கீழும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழும் இருத்தல் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளத்தல் வேண்டும். தொந்திக்குக் கீழே இறங்கிவிட்ட இடைவாரின் அளவைச் சொல்லி மன நிறைவு கொள்வோர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர்.

நீர்த்தடையின் கடுமையை அளக்கவும் ஏழு வினாக்கள் கொண்ட ஒரு பட்டியல் மருத்துவரிடம் உண்டு. தாரையின் வேகம், அவசரம், இரவில் எழும் முறை போன்றவற்றுக்கு மதிப்பெண் இடுவர். 7 வரை இலேசான நிலை. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20 முதல் 35 வரை கடுமை. எழுத்தறிந்த பேரப்பிள்ளை ஒருவர் படித்துச் சொன்னால் தாத்தா வீட்டிலிருந்தே விடையளித்துவிடலாம்.

செய்யத் தக்கவை

முதலாவது நடை. அமெரிக்க மருத்துவத் துறை ஆடவரைப் பின்தொடர்ந்து 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் நடப்பவர்க்கு இந்நோயின் வாய்ப்பு 25 விழுக்காடு குறைந்திருந்தது. நாளொன்றுக்கு அரைமணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் இரண்டரை மணி நேரமாகிவிடும். தேயிலைச் சரிவினூடே செல்லும் பாதைகளைக் காட்டிலும் நடைக்கு ஏற்ற இடம் வேறு எங்குண்டு?

இரண்டாவது உணவின் அளவு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மூலிகையின் பெயரைக் கூறாமல், பெரும்பாலும் அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ என்று அமைத்தல் நன்று. நாட்டின் சந்தைகளுக்குக் காய்கறி அனுப்பும் பள்ளத்தாக்கில், வீட்டுத் தட்டில் காய்கறி ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடத்தல் வருந்தத்தக்கது.

மூன்றாவது இனிப்பு. தேயிலை மண்ணில் தேநீரைப் பழித்தல் ஆகாது. டின் பாலையும் சீனியையும் குறைத்து, கடைசிக் கோப்பையை மாலை மங்குமுன் அருந்தினால் தேநீரால் கேடில்லை. தேநீரும் காப்பியும் சிறுநீர்ப்பையைத் தூண்டுவன. ஆகவே இரவில் வேண்டா. தண்ணீரை நாள் முழுதும் தவிர்ப்பதும் தவறு. பகலில் போதிய அளவு அருந்தி, படுக்கைக்கு முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்வதே முறை.

எடையைக் குறைத்தால் வீங்கிய சுரப்பி பழைய அளவுக்குச் சுருங்கிவிடுமா என்று சிலர் வினவலாம். அவ்வாறு உறுதி கூற இயலாது. ஆயினும் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுப்படும். நரம்பின் முறுக்குத் தளரும். நீர்த்தொல்லை பலர்க்குத் தணியும். 80 கிலோ எடையுள்ளவர் நான்கு முதல் எட்டுக் கிலோ குறைத்தாலே உடலில் நற்பயன் தோன்றத் தொடங்கும்.

எச்சரிக்கை வேண்டுவன

சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின், குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் உள்ளன. சுரப்பி வீங்கியவர்க்கு அவை திடீரென நீரை முற்றிலும் அடைத்துவிடக் கூடும். குளிர்மலையில் சளி மாத்திரை வாங்காத வீடு இல்லையாதலின், இதனை அனைவரும் மனத்தில் இருத்துதல் வேண்டும். வாங்கும்பொழுதே தமக்கு நீர்த்தடை உண்டு என மருந்தாளரிடம் சொல்லிவிடுதல் நலம்.

நீர் அறவே இறங்காமல் அடிவயிறு உப்பி வலித்தால் அஃது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திராமல் தானா ராத்தாவிலுள்ள மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல் ஆகியவையும் தாமதிக்கக் கூடாதவை. நெருஞ்சில் கசாயம் போன்ற கைம்மருந்தை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப் போடுதலும், இனிப்பு நீருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதலும் கூடா. பருமனானவர்க்குப் புரோஸ்டேட் இரத்தப் பரிசோதனையின் எண் சற்றுக் குறைந்து தோன்றக் கூடும். ஆதலின் எண்ணை மட்டும் பார்த்து அமைதி கொள்ளாமல் மருத்துவரின் முழுக் கருத்தையும் கேட்டல் வேண்டும்.

செலவை நினைத்து அஞ்ச வேண்டுவதில்லை. அரசு சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட். 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பெக்கா பி40 திட்டம், குறைந்த வருமானக் குடும்பத்தைச் சேர்ந்த 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கு இலவச உடற்பரிசோதனை வழங்குகிறது. மாத்திரையிலேயே பெரும்பாலோர் நலம் பெறுவர். அறுவைச் சிகிச்சை வேண்டுவோர்க்கும் சிறுநீர்க் குழாய் வழியாகவே அதனைச் செய்யும் முறை உண்டு.

முடிவாக

ஆலயம் ஊர் மக்கள் ஒன்றுகூடும் இடம். ஆண்டுக்கொரு முறை மண்டபத்தின் ஓரத்தில் ஓர் எடைத் தராசும் ஓர் அளவு நாடாவும் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு தாதியும் இருந்தால், பலருடைய நோய் முளையிலேயே தெரியவரும். நெடிய பூசையின்போது முதியோர் எளிதில் சென்று வரத்தக்க தூய கழிவறைக்குக் கூச்சமின்றி வழிகாட்டும் ஒரு பலகை, பின்வரிசையில் ஒதுங்கிய பெரியவர்களை முன்வரிசைக்கு அழைத்து வரும்.

தாய்மார்களே, இரவில் கதவோசை கேட்பவர்கள் நீங்கள். அதனைக் குறித்து முதலில் பேச வேண்டியவர்களும் நீங்களே. இளைஞர்களே, இன்று முப்பது வயதில் உங்கள் இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அறுபதில் வந்து கணக்குக் கேட்கும். பெரியோர்களே, அடுத்த வாரமே ஒரு நாள் காலை மருத்துவ நிலையத்திற்குச் சென்று, இத்துணைக் காலமும் எவரிடமும் சொல்லாத அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் அனைவரும் நல்லுடலோடு முன்வரிசையில் அமர்ந்து, தீபாராதனை முழுவதையும் கண்குளிரக் கண்டு மகிழத் திருவருள் துணைநிற்பதாக.